போதைச் சிகிச்சை முடிந்து வந்த பிள்ளையை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது?

ஆஸ்பத்திரியிலிருந்து மகனைக் கூட்டி வந்த மறுவாரமே பெற்றவர்கள் கேட்கத் தொடங்கும் கேள்வி இது. குடியோ, கஞ்சாவோ, மாத்திரையோ, உடம்பைத் தெளிய வைக்கும் வேலையைச் சில வாரங்களில் டாக்டர்கள் செய்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் அவன் காலையில் எழுந்து எங்கே போவான், யார் பக்கத்தில் உட்காருவான் என்பதை மட்டும் யாரும் மருந்துச் சீட்டில் எழுதித் தருவதில்லை. நான் கேரளத்தின் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் தமிழ்வழிப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். வருஷா வருஷம் இந்தக் கேள்வியோடு யாராவது ஒருவர் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்கிறார். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "மொதல்ல குணமாகட்டும், படிப்பு அப்புறம் பாத்துக்கலாம்" என்று ஒரு வருஷத்தைத் தள்ளிப்போடுவது தவறு. பதினைந்து, பதினாறு வயதில் படிப்பும் சிகிச்சையில் சேர்ந்ததுதான். வேலை இல்லாத பகல் அந்த வயதுக்கு ஆகாது. ஆனால் பள்ளியின் பெயரையும் அதன் தேர்ச்சி விகிதத்தையும் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். நாலு மணி பெல் அடித்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை பிள்ளையோடு இருக்கப்போவது யார்? கீழே வரும் வழிகள் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் எடை போட்டிருக்கிறேன்.

எங்கள் எல்லைப்பக்கம்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எங்கள் ஊர்கள் எல்லாம் எல்லையை ஒட்டிக் கிடப்பவை. வீட்டில் தமிழ், ஆபீசில் மலையாளம், கல்யாண ஜவுளி எடுக்கக் கோயமுத்தூர். கேரளம் முழுக்கப் போகும் கள்ளில் பெரும்பங்கு சித்தூர்த் தோப்புகளில் இறக்குவதுதான். அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, ஆனால் டாஸ்மாக் உண்டு. மது வாங்கக் கேரளத்தில் 23 வயது ஆகியிருக்க வேண்டும், தமிழ்நாட்டில் 21. பத்தாம் வகுப்புப் பையனுக்கு இரண்டு பக்கமும் கிடைக்கக் கூடாதுதான். ஆனால் கூட ஒரு அண்ணனும் ஒரு பைக்கும் இருந்தால் ஒரு பக்கம் மறுத்தது மறுபக்கம் கிடைத்துவிடுகிறது. ஏழாம், எட்டாம் வகுப்பில் ஹான்ஸ், கூல் லிப் என்று புகையிலையை உதட்டுக்கடியில் ஒதுக்குவதில் ஆரம்பிக்கிறது. கஞ்சா, வலி மாத்திரை, எம்டிஎம்ஏ என்ற ரசாயனப் போதை எல்லாம் பின்னால் வருகிறவை.

இதில் ஒரு சட்டத்தைப் பெற்றவர்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 77-இன்படி குழந்தைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுத்தவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. 18 வயதுக்குக் கீழ் எல்லோரும் குழந்தைதான். பிள்ளை மேலேயே வழக்கு வந்தாலும் பெரும்பாலும் அது சிறார் நீதி வாரியத்துக்குத்தான் போகும். அதே சட்டத்தின் பிரிவு 24, அந்த வழக்கு அவனுடைய பிற்கால வேலைக்கோ படிப்புக்கோ தடையாகாமல் பார்த்துக்கொள்கிறது. போலீசுக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போகாமல் வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் நடக்கும் தனிப் பள்ளி

போதையிலிருந்து மீண்டு வரும் பிள்ளைகளுக்கென்றே அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகள் நடக்கின்றன. மின்னசோட்டா மாநிலத்தில் 1980-களின் கடைசியில் தொடங்கியவை இவற்றில் முன்னோடிகள். மாசசூசெட்ஸ் மாநிலம் 2006 முதல் அரசுப் பணத்தில் இப்படிப்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. 2002-இல் இவற்றுக்கென ஒரு சங்கமும் அமைந்தது. இன்று நாடு முழுக்க நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. பார்க்கச் சாதாரணப் பள்ளிதான். கணக்கும் அறிவியலும் நடக்கும், முடித்தால் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ்தான். ஆனால் மொத்தப் பிள்ளைகளே சில டஜன் பேர்தான். எல்லோரும் ஒரே பாதையில் வந்தவர்கள், எல்லோரும் விடுவதென்று முடிவு செய்தவர்கள். ஆலோசகர் பள்ளிக்குள்ளேயே இருப்பார். தினமும் வட்டமாக உட்கார்ந்து நேற்று எப்படிப் போனது என்று பேசிவிட்டுத்தான் பாடம்.

பலன் உண்டா என்றால், உண்டு. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ஃபின்ச்சும் கூட்டாளிகளும் செய்த ஆய்வு 2018-இல் வெளியானது. சிகிச்சை எடுத்த பிள்ளைகளில் இந்தப் பள்ளிகளுக்குப் போனவர்களையும் சாதாரணப் பள்ளிக்குப் போனவர்களையும் ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டார்கள். மதுவும் போதையும் தொடாமல் இருந்ததாகச் சொன்னவர்கள் முதல் கூட்டத்தில் 59 சதவீதம், இரண்டாவதில் 30 சதவீதம். பள்ளிக்கு வராமல் நிற்கும் நாளும் முதல் கூட்டத்தில் குறைவு. அந்த நல்ல பள்ளியிலேயே பத்தில் நாலு பேர் ஆறு மாதத்துக்குள் சறுக்கியிருக்கிறார்கள் என்பதையும் அதே எண் சொல்கிறது. வீட்டில் ஒருமுறை சறுக்கிய பிள்ளையை "இவன் தேறவே மாட்டான்" என்று கைவிட்டுவிடும் தகப்பனுக்கு நான் சொல்லிக் காட்டுவது இந்த எண்ணைத்தான்.

எங்கள் பக்கம் அப்படி ஒரு பள்ளி கிடையாது. இருப்பதற்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆனாலும் அந்தப் பள்ளிகள் எதனால் நடக்கின்றன என்று தெரிந்துகொண்டால், இங்கே எந்த வழியில் போனாலும் அதில் பாதியை நாமே அமைத்துக்கொள்ளலாம். சின்னக் கூட்டம், விடுவதென்று முடிவு செய்த இன்னொரு துணை, பக்கத்திலேயே ஆலோசகர், தினமும் ஒருவர் விசாரிப்பது. அவ்வளவுதான் அதன் உள்ளடக்கம்.

படித்த பள்ளிக்கே திரும்புவது

பெற்றவர்கள் முதலில் ஒதுக்குவது இந்த வழியைத்தான். "அங்கதானுங்க சார் கெட்டுப்போனான்" என்பார்கள். அதில் உண்மை இருக்கிறது. அதே பஸ், அதே கடைசி பெஞ்ச், மத்தியானம் மதில் தாண்டும் அதே கூட்டம். சிகிச்சை முடித்த இளவயதுப் பிள்ளைகள் சறுக்குவது பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள்தான், அதுவும் கூட்டாளிகளோடு இருக்கும்போதுதான். திட்டமே இல்லாமல் அதே வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பதைப் போல ஆபத்து வேறில்லை.

ஆனால் திட்டத்தோடு திரும்பினால் மற்ற எல்லா வழியையும்விட இதையே நான் மேல் என்பேன். பாடத்திட்டம் மாறாது, மொழி மாறாது, வருஷம் வீணாகாது, பிள்ளையை ஆறாம் வகுப்பிலிருந்து அறிந்த ஆசிரியர் ஒருவராவது இருப்பார். முக்கியமாக, அவன் வீட்டிலேயே தூங்குவான், டாக்டரிடம் தவணை தவறாமல் போவான்.

திரும்பி வந்த ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு. முன்பெல்லாம் முத்து முத்தாக எழுதுவான். வந்த முதல் வாரம், கரும்பலகையில் நான் எழுதிப் போட்ட எட்டு வரியைப் பார்த்து எழுத ஒரு பீரியட் போதவில்லை. இரண்டு வரி எழுதுவான், மூன்றாம் வரியில் எழுத்து கோட்டை விட்டு இறங்கிப் போகும், பேனாவை வைத்துவிட்டு உள்ளங்கையைச் சட்டையில் துடைப்பான். பத்து மணிக்கெல்லாம் மாத்திரை மந்தத்தில் கண் சொருகும். அவனிடம் வேகத்தை எதிர்பார்க்கும் ஆசிரியர், "எழுதாம என்னடா முழிக்கறே" என்று நாலு பேர் முன்னால் கேட்டால் போதும், மறுநாள் வரமாட்டான். அவனுக்குக் கணக்கு டீச்சர் செய்தது இதுதான். முதல் வரிசையில், அமைதியாகப் படிக்கும் ஒரு பையன் பக்கத்தில் இடம். எழுதுவதில் பாதி போதும், மீதியைப் பக்கத்து நோட்டைப் பார்த்து வீட்டில் முடித்துக்கொள்ளலாம். சாயந்திரம் பெல் அடித்ததும் ஸ்டாஃப் ரூமில் பத்து நிமிஷம் உட்கார்ந்து, அன்றைக்கு எப்படி இருந்தது என்று பேசிவிட்டுத்தான் பஸ் ஏறுவான். அவன் கூட்டாளிகள் ஏறும் பஸ் அந்தப் பத்து நிமிஷத்தில் போயிருக்கும். ஓணம் லீவு முடிந்து வந்தபோது எழுத்து கோட்டில் நின்றது.

தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெற வேண்டியவை பெரிய காரியம் ஒன்றுமில்லை. பொறுப்பாக ஒரே ஒரு ஆசிரியர் வேண்டும், எல்லோரும் பொறுப்பு என்றால் யாருமே இல்லை. முதல் சில வாரம் அரை நாள் வர அனுமதி வேண்டும். பகல் மாத்திரை இருந்தால் அது அந்த ஆசிரியர் கையில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பல பள்ளிகளில் பெண்கள், குழந்தைகள் நலத் துறையின் கவுன்சிலர் வந்து போகிறார், அவருக்கு மட்டும் முழு விவரம் தெரிந்தால் போதும். மருத்துவச் சான்றில் 'சிகிச்சையில் இருந்தார்' என்று எழுதினாலே விடுப்புக்குப் போதும், என்ன நோய் என்று வகுப்புக்கெல்லாம் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். போதை விழிப்புணர்வுக் கூட்டம் நடக்கும்போது அவனை மேடையேற்றி அனுபவத்தைப் பேசச் சொல்லும் வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். அன்று கைதட்டுவார்கள், மறுநாளிலிருந்து அந்தப் பட்டம் அவனோடு ஒட்டிக்கொள்ளும்.

பள்ளியே "டிசி வாங்கிட்டுப் போயிருங்க" என்று சொன்னால்? எட்டாம் வகுப்பு வரைக்கும் கட்டாயக் கல்விச் சட்டம் பிள்ளையை வெளியேற்ற விடாது. ஒன்பதிலிருந்து அந்தக் கவசம் இல்லை. அங்கே கெஞ்சுவதைவிடத் திட்டத்தோடு போவதுதான் எடுபடும். டாக்டர் சான்று, யார் பொறுப்பு, எத்தனை நாள் அரை வகுப்பு என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் சொல்லுக்கு மதிப்புள்ள ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தலைமையாசிரியர்கள் பயப்படுவது மற்றப் பிள்ளைகளின் பெற்றோருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்றுதான். அந்தப் பதிலை நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் பாதிக் கதவு திறந்துவிடும்.

அந்தப் பக்கத்து ஹாஸ்டல்

எங்கள் ஊரில் அதிகம் பேர் போகும் வழி இது. ஒரு அம்மா சொன்னதை அப்படியே தருகிறேன்: "சார், இவன அந்தப் பக்கம் கொண்டுபோயி நல்ல ஸ்ட்ரிக்டான ஹாஸ்டல்ல போட்டுட்டா, ஒரு ரெண்டு வருசம் ஊர்க் காத்தே படாம இருந்தா சரியாப் போயிருவானுங்க." பொள்ளாச்சி, உடுமலை, ஈரோடு, நாமக்கல் என்று கட்டணம் கட்டிச் சேர்க்கிறார்கள். தாயின் தவிப்பு புரிகிறது. ஆனாலும் சிகிச்சை முடிந்து ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு இந்த வழியை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

முதலாவது, சேர்க்கும்போதே விஷயத்தை மறைக்கிறார்கள். மறைத்த பிறகு மாத்திரையையும் மறைக்க வேண்டும், தவணைக்கு டாக்டரிடம் போகவும் முடியாது. வார்டனுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் வராமல் உடம்பு பதறும்போது பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் வைத்திருப்பதுதான் மருந்தாகும். இரண்டாவது, படிப்பு. இங்கே தமிழில் படித்தாலும் பாடத்திட்டம் கேரளத்துடையது. அங்கே சமச்சீர் புத்தகம். பத்தாம் வகுப்பிலோ ப்ளஸ் டூவிலோ மாநிலம் மாறுவது நல்ல உடல்நிலையில் உள்ள பிள்ளைக்கே கஷ்டம். இங்கே எஸ்எஸ்எல்சியில் ஒன்றிரண்டு பாடம் விட்டுப்போனாலும் அதே வருஷம் 'சே' என்ற மறுதேர்வில் எழுதிப் பிடிக்கலாம் என்ற வசதியையும் கையில் வைத்துக்கொண்டு எதற்காக விட்டுவிட்டுப் போக வேண்டும்? மூன்றாவது, கெட்ட சகவாசம் ஊரை விட்டால் போய்விடும் என்பது நடப்பில் இல்லை. தேடுகிற பிள்ளை புது ஊரிலும் ஒரே வாரத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவான்.

ஊர் மாற்றுவது அவசியம்தான் என்ற நிலையும் வரும். விற்கிறவன் அடுத்த தெருவிலேயே இருக்கிறான், மிரட்டுகிறான், பாக்கிப் பணம் கேட்டு வாசலுக்கு வருகிறான் என்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். அப்போதும் ஹாஸ்டலைவிட மாமா வீடு, அத்தை வீடு, அப்பச்சி வீடு நல்லது. அங்கிருந்து பகலில் பள்ளிக்குப் போய் வரட்டும். போகிற வீட்டாருக்கு உண்மை முழுதும் தெரிந்திருக்க வேண்டும், அந்த வீட்டில் குடிக்கிறவர் யாரும் இருக்கக் கூடாது. சாப்பாட்டு நேரத்தில் முகத்தைப் பார்த்து, "என்ன கண்ணு, இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கற?" என்று கேட்க ஒருவர் இருக்கும் வீடாக இருந்தால் போதும்.

மறுவாழ்வு இல்லத்திலேயே தங்கிப் படிப்பது

வீட்டில் அப்பாவே தினமும் குடிக்கிறார், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை, அல்லது இரண்டு மூன்று முறை சிகிச்சை எடுத்தும் ஒரே வாரத்தில் திரும்பிவிடுகிறான் என்றால் மட்டும் இந்த வழியை யோசிக்கலாம். பிரச்சினை என்னவென்றால், எங்கள் இரு மாநிலத்திலும் மறுவாழ்வு இல்லங்கள் பெரும்பாலும் நாற்பது, ஐம்பது வயது ஆண்களுக்காக நடப்பவை. அந்தக் கூடத்தில் பதினாறு வயதுப் பையன் கற்றுக்கொள்வது அவனுக்கு அதுவரை தெரியாத விஷயங்களைத்தான்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 இங்கே பெற்றோருக்குக் கையில் கொடுத்த ஆயுதம். மது, போதையால் வரும் பாதிப்பும் அந்தச் சட்டத்துக்குள் அடங்கும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைச் சேர்ப்பதைப் பற்றி பிரிவு 87 தெளிவாகப் பேசுகிறது. மனநல மருத்துவர் உள்பட இரண்டு பேர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது, வயதுக்கேற்ற தனி இடம் வேண்டும். பெற்றோரோ அவர்கள் நியமித்த ஒருவரோ இருக்கும் காலம் முழுக்கக் கூடவே தங்க வேண்டும். 30 நாளுக்கு மேல் போனால் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். சங்கிலியால் கட்டுவதற்குப் பிரிவு 95 அடியோடு தடை விதிக்கிறது. ஆகவே, "பையன எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க, மூணு மாசத்துக்குப் பாக்க வராதீங்க" என்று எந்த இல்லம் சொன்னாலும், வாசலோடு திரும்பிவிடுங்கள். ராத்திரி ஆள் அனுப்பித் தூங்கும் பிள்ளையைத் தூக்கிப் போகும் இடங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தலையை மொட்டையடித்து, அடித்து, முட்டி போட வைத்துத் திருத்துவதாகச் சொல்லும் இடத்திலிருந்து வரும் பிள்ளைக்கு அப்பா அம்மா மேல் நம்பிக்கை போய்விடுகிறது. அந்த நம்பிக்கையைத் திரும்ப ஒட்டவைப்பது போதையை விடவைப்பதைவிடக் கடினம்.

நல்ல இல்லமாக இருந்தால் என்ன கேட்க வேண்டும்? மாநில மனநல ஆணையத்தின் பதிவு. இந்த வயதுப் பிள்ளைகள் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள். பாடம் சொல்லித் தர யார் வருகிறார், எந்த மாநிலப் புத்தகம், தேர்வு எங்கே போய் எழுதுவான். வெளியே வந்த பிறகு எத்தனை மாதம் தொடர்ந்து பார்ப்பார்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் மழுப்பலாக இருந்தால் மற்றவை நன்றாக இருந்தும் பயனில்லை.

திறந்தநிலைப் பள்ளி, தனித்தேர்வு

வருகைப் பதிவு போய்விட்டது, பள்ளிக்குத் திரும்பும் தைரியமும் இல்லை என்ற பிள்ளைக்குக் கதவு மூடிவிடவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்திருந்தால் பத்தாம் வகுப்புக்கும், 15 முடிந்திருந்தால் பன்னிரண்டாம் வகுப்புக்கும் பதியலாம். பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதற்குள் ஒன்பது முறை தேர்வு எழுத வாய்ப்பு உண்டு. ஏப்ரல்–மே, அக்டோபர்–நவம்பர் என்று ஆண்டுக்கு இரண்டு தேர்வு. ஒரே மூச்சில் எல்லாப் பாடமும் எழுத வேண்டியதில்லை, இப்போது இரண்டு, அடுத்த முறை இரண்டு என்று போகலாம். மருந்து மந்தத்தில் இருக்கும் பிள்ளைக்கு இதைவிட இரக்கமான ஏற்பாடு கிடையாது. பதியும் முன் படிப்பு மையத்தில் பயிற்று மொழியை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் பதினாலரை வயதானால் தமிழ்நாட்டில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அறிவியல் செய்முறைப் பயிற்சிக்கு முன்கூட்டியே பதிய வேண்டும், இதைத் தவறவிட்டு ஒரு வருஷம் இழப்பவர்கள் நிறையப் பேர். கேரளத்தில் 17 நிரம்பியவர்களுக்குச் சாட்சரதா மிஷன் என்ற எழுத்தறிவு இயக்கத்தின் பத்தாம் வகுப்புச் சமநிலைத் தேர்வும் இருக்கிறது.

ஏற்பாடு நல்லதுதான். ஆனால் என் கேள்வியை இங்கே வைத்துப் பாருங்கள். நாலு மணிக்கு அப்புறம் யார் என்பது போய், காலை ஒன்பதிலிருந்தே யார் என்றாகிவிடுகிறது. அப்பா தோப்புக்கு, அம்மா தொழிலுறுதித் திட்டத்துக் கூலி வேலைக்கு. வீட்டில் பிள்ளையும் போனும். திறந்தநிலைப் பள்ளியில் பதிந்து தோற்றவர்களைப் பார்த்தால், பாடம் கஷ்டமாகி விட்டவர்களைவிடத் தனியாகக் கிடந்து விட்டவர்கள்தான் அதிகம். ஆகவே இந்த வழியை எடுத்தால் பகலை நிரப்பியாக வேண்டும். காலையில் டியூஷன் சென்டர் அல்லது ஊர் வாசகசாலை, பிற்பகல் தெரிந்தவர் கடையிலோ ஒர்க்‌ஷாப்பிலோ இரண்டு மணி நேர வேலை, சாயந்திரம் விளையாட்டு. கையில் சம்பளமாகக் காசு கொடுக்காமல் அம்மா கணக்கில் போடச் சொல்லுங்கள்.

ஐடிஐ பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலம்புழை ஐடிஐ போன்ற இடங்களில் பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கும் சில பிரிவுகள் உண்டு. கைவேலையில் மனம் ஒட்டும் பிள்ளைக்கு வெல்டிங்கோ ஒயரிங்கோ உயிர் கொடுத்துவிடும். ஆனால் கூடப் படிப்பவர்கள் வயதில் மூத்தவர்கள், பஸ் பயணம் நீளம். ஒரு வருஷம் சுத்தமாக இருந்த பிறகு போகட்டும்.

பெண் பிள்ளைகள்

இதுவரை பையன் பையன் என்றே எழுதிவிட்டேன், வருகிறவர்களில் அதிகம் பேர் பையன்களின் பெற்றோர் என்பதால். பெண் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களை யாரும் எங்கள் வாசலுக்குக் கூட்டி வருவதில்லை, படிப்பை நிறுத்தி வீட்டில் வைத்துவிடுகிறார்கள், பதினெட்டு ஆனதும் கல்யாணம். மேலே சொன்ன பிரிவு 87, பெண் பிள்ளையோடு பெண் துணை இருந்தாக வேண்டும் என்கிறது. அம்மா கூட இருந்தால் அரசு ஆஸ்பத்திரியிலேயே பார்த்துக்கொள்ளலாம். பள்ளியைப் பொறுத்தவரை அவர்களுக்கு முதல் வழி ஒன்றுதான் சரி: படித்த பள்ளிக்கே திரும்புவது, ஒரு டீச்சரின் பொறுப்பில். மகளைச் சீரழித்த ஆள் யார் என்று துருவுவதற்கு முன், அவள் மேல் வேறு ஏதாவது கொடுமை நடந்திருக்கிறதா என்று டாக்டரோ கவுன்சிலரோ தனியாகப் பேசிப் பார்ப்பது அவசியம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தாலும் ஆள் வரும்.

நான் சொல்லும் வரிசை

வீட்டில் ஒருவராவது குடிக்காமல், சாயந்திரம் கூட இருக்க முடியும் என்றால் படித்த பள்ளிக்கே, அரை நாளில் தொடங்கி. விற்கிறவன் தொல்லை இருந்தால் உறவினர் வீட்டிலிருந்து பள்ளி. வகுப்பில் உட்காரவே முடியாத நிலை என்றால் ஒரு பருவம் திறந்தநிலையில் இரண்டு பாடம், உடம்பும் மனமும் நின்ற பிறகு பள்ளி. வீடே சரியில்லை என்றால் மட்டும் இல்லம், அதுவும் சட்டப்படி நடப்பதும் படிப்பு நடப்பதுமான இல்லம். ஹாஸ்டல் இந்த வரிசையிலேயே இல்லை.

எந்த வழியானாலும் ஆஸ்பத்திரித் தவணையை விடக் கூடாது. கேரள எக்சைஸ் துறையின் விமுக்தித் திட்டம் 2016-இல் தொடங்கியது, மாவட்டத்துக்கு ஒரு சிகிச்சை மையம் இருக்கிறது, செலவில்லை. பாலக்காட்டுக்கு அது அட்டப்பாடி கோட்டத்தறை அரசு ஆஸ்பத்திரியில். எங்கள் சித்தூர்ப் பக்கத்திலிருந்து மண்ணார்க்காடு மலை ஏறிப் போவதைவிடக் கோயமுத்தூர் போய் ஆனைகட்டி வழியாகப் போவது பலருக்கு எளிது. அது முடியாதவர்கள் கோயமுத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுகிறார்கள். தமிழ்நாடு அரசும் 2025-இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் திறந்திருக்கிறது. எந்த மாநிலத்தில் காட்டினாலும் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸ் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும், எல்லை தாண்டினால் பழைய ரிக்கார்டு தானாக வராது. பேசிக் கேட்க வேண்டுமென்றால் விமுக்தி எண் 14405, மத்திய அரசின் போதை மீட்பு எண் 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416.

கேரளத்தில் பள்ளி ஜூனில் திறக்கிறது. ஏப்ரல், மேயில் சிகிச்சை முடிந்து வருகிற பிள்ளைக்கு அதுதான் நல்ல நேரம், ஆனால் அந்த இரண்டு மாதம் லீவு காலி. லீவு வகுப்பு, ஒர்க்‌ஷாப், பாட்டி ஊர் என்று எதையாவது போட்டு நிரப்புங்கள். நடுவருஷத்தில் வருகிறவர்கள் ஓணத் தேர்வு, கிறிஸ்துமஸ் தேர்வு முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், அரை நாளாவது உடனே போகட்டும். கடைசியாக ஒரு வேண்டுகோள்: கோபத்தில் டிசியை மட்டும் வாங்கிவிடாதீர்கள். பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கும் வரை மருத்துவச் சான்றை வைத்து நாங்கள் ஏதாவது செய்ய முடியும். டிசி கையில் வந்துவிட்டால் புதுச் சேர்க்கை, அதற்கு இடம் வேண்டும், காரணம் கேட்பார்கள், மாநிலம் மாறினால் கல்வி அலுவலர் கையெழுத்து வரைக்கும் அலைய வேண்டும். வாங்குவதற்கு முன்னால் வகுப்பு ஆசிரியரை ஒருமுறை வந்து பாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.